பஞ்ச காலத்து வேலையும் ஊர்ப் பூங்காவும்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். பின்பக்கம் தேக்சா திறக்கும் சத்தமும் கேட்கிறது. ஆகையால் செயலாளர் பேச்சு நீளக்கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இன்று ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று கூட்டமாக முடியாமல் நிற்கிற ஒரு பேச்சு இருக்கிறது. அதைப் பொதுவில் வைப்பதற்கு முன், அதன் பின்னணியைச் சொல்கிறோம்.

நம் தெருப் பிள்ளை ஒருவர் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் சாண்ட்லர் என்ற சிற்றூர் வழியாகப் போனபோது ஒரு படம் எடுத்து அனுப்பினார். பழுப்பு நிறக் கல்லில் கட்டிய, கோட்டை போன்ற கனமான ஒரு கட்டடம். கூடவே குரல் பதிவு: “சாச்சா, இதைக் கட்டினவங்க எல்லாரும் வேலை இல்லாம நிவாரணத்துல இருந்தவங்களாம். ஊர்ல பாதிக் கட்டடம் இப்படித்தான் வந்திருக்கு போல. நம்ம ஊருக்கு இது சரிவருமா?”

பிள்ளை விளையாட்டாகக் கேட்டதுதான். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நூலகத்திலும் கிடைத்த புத்தகங்களிலும் இரண்டு மாதம் தேடிப் படித்தோம். படித்ததில் பாதியை இன்று சொன்னால் போதும்.

முதலில் நமக்குப் பக்கத்தில் உள்ள ஒன்று. லக்னோவுக்குப் போனவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். அங்கே பெரிய இமாம்பாரா பார்த்திருப்பீர்கள். 1784இல் வட இந்தியாவில் கடும் பஞ்சம். அவத் நவாப் ஆசிஃபுத்தௌலா அப்போது தொடங்கிய வேலை அது. நடு மண்டபம் சுமார் 50 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய கூரைக்கு நடுவில் ஒரு தூண் கிடையாது, உத்திரம் கிடையாது. கட்டடக் கலைஞர் பெயர் கிஃபாயத்துல்லா. பக்கத்தில் நிற்கும் ரூமி தர்வாஸாவும் அதே பஞ்ச காலத்து வேலைதான். மக்கள் கையில் தானியம் கொடுத்து அனுப்பாமல், வேலை கொடுத்துக் கூலியாகக் கொடுத்தார் நவாப்.

அங்கே ஒரு கதை வழங்குகிறது. பகலில் ஏழைகள் கட்டுவார்களாம். இரவில் பெரிய குடும்பத்தவர்கள் முகம் தெரியாமல் வந்து, கட்டியதில் ஒரு பகுதியை இடித்துக் கூலி வாங்கிப் போவார்களாம். வேலையும் நீளும், பஞ்சத்தில் நொடித்த குடும்பங்களின் மானமும் நிற்கும். இது செவிவழிக் கதை, சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தக் கதையை உண்டாக்கிய ஜனங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: பசியோடு வெட்கமும் ஒருவனைத் தின்னும்.

இனி சாண்ட்லருக்கு வருவோம்.

1929இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. 1933இல் அந்த நாட்டில் வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஒக்லஹோமாவில் இன்னும் மோசம். பருத்தி விலை விழுந்தது, எண்ணெய் விலை விழுந்தது. மேற்குப் பகுதியில் மழை பொய்த்து, உழுத மண்ணே காற்றில் எழுந்து வானத்தை மறைத்தது. குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டிக் கலிபோர்னியாவுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். நிவாரணப் பொறுப்பை ஹாரி ஹாப்கின்ஸ் என்பவரிடம் கொடுத்தார். அவர் அரசியல்வாதி அல்ல, சமூக சேவகராக வேலை பார்த்தவர். 1933 மே மாதம் பொறுப்பேற்றபோது அறை ஒழுங்காகவில்லை என்று தாழ்வாரத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்து, முதல் இரண்டு மணி நேரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்பினார் என்று சொல்வார்கள். கொடுப்பதில் அவ்வளவு வேகம் உள்ள அந்த மனிதருக்கே, சும்மா கொடுப்பதில் திருப்தி இல்லை. காசைக் கையில் கொடுத்தால் உடம்பு பிழைக்கும், ஆள் உள்ளே உடைந்துபோவான் என்பது அவர் கருத்து. அந்தக் குளிர்காலத்திலேயே நாற்பது லட்சம் பேருக்கு அவசர வேலை கொடுத்துப் பார்த்தார். செலவு தாங்காமல் சில மாதத்தில் அது நின்றது. பிறகு 1935 மே மாதம் பெரிய அளவில் தொடங்கியதுதான் டபிள்யூ.பி.ஏ. என்று மூன்று எழுத்தில் சொல்லப்படும் வேலைத் திட்டம். இன்றும் அந்த நாட்டுச் சிற்றூர்களில் நடைபாதை சிமெண்டில், பாலத்துச் சுவரில், பள்ளிக்கூட வாசலில் அந்த மூன்று எழுத்தைப் பார்க்கலாமாம்.

அது நடந்த விதத்தைக் கவனியுங்கள். நமக்கு வேண்டியது அதுதான். என்ன கட்டுவது என்று தலைநகரில் உட்கார்ந்து யாரும் தீர்மானிக்கவில்லை. ஊர்ச் சபையோ பள்ளிக்கூட வாரியமோ மாவட்ட நிர்வாகமோ “எங்களுக்கு இன்னது வேண்டும்” என்று விண்ணப்பம் போட வேண்டும். நிலமும் வரைபடமும் சாமான் செலவில் ஒரு பெரும் பங்கும் ஊருடையது. கூலியை மத்திய அரசு கொடுக்கும். வேலைக்கு எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நிவாரணப் பட்டியலில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒருவர். தொடக்கத்தில் மாதக் கூலி, இடத்தையும் வேலையையும் பொறுத்து, 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊரிடம் பணம் இல்லை. சிமெண்டும் இரும்பும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் கல் பக்கத்துக் குன்றிலேயே கிடக்கிறது. உடைக்க, செதுக்க, சுமக்க, அடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆள் கூலியோ அரசு கொடுக்கிறது. அதனால் எங்கெங்கும் உள்ளூர்க் கல்லில் கட்டினார்கள். சாண்ட்லர் கட்டடம் அந்தப் பக்கத்து மணற்கல். அதை மாநிலத்தின் தேசியக் காவல் படைப் பயிற்சிக் கூடமாகக் கட்டி 1937இல் முடித்தார்கள். இதுபோல ஒக்லஹோமா முழுதும் எத்தனையோ சிற்றூர்களில் பயிற்சிக் கூடங்கள் எழுந்தன. கைத்தொழில் தெரிந்த கொத்தனார் ஒருவர் முன்னால் நிற்பார், பருத்திக் காட்டிலிருந்து வந்த பத்துப் பேர் பின்னால் நின்று கற்றுக்கொள்வார்கள். சிக்கனத்துக்காகச் செய்தது இன்று அந்த ஊர்களுக்கு அழகாக நிற்கிறது. சாண்ட்லர் கட்டடத்தைப் படை விட்டுப்போன பிறகு அது வெகுகாலம் பாழாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் இடிக்க விடாமல் காப்பாற்றி, இப்போது அந்தப் பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையின் கதையைச் சொல்லும் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் வேறொரு அமைச்சர், ஹரால்ட் இக்கஸ், பெரிய பொதுப்பணிகளை நடத்தினார். அணை, பாலம், பெரிய கட்டடம். ஒப்பந்தக்காரர், இயந்திரம், முறையான டெண்டர். ஒவ்வொரு தாளையும் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பவர். கட்டியதெல்லாம் உறுதியானவை, குறை சொல்ல முடியாது. ஆனால் செலவில் கூலியாகப் போவது குறைவு, வேலை தொடங்கவே மாதக் கணக்காகும். ஹாப்கின்ஸ் சொன்னது வேறு: பசிக்கிறவன் இந்த வாரம் சாப்பிட வேண்டும், ஆகையால் இயந்திரத்தை ஒதுக்கிவைத்து ஆளை வை. இரண்டு பேருக்கும் ஆகாது. யார் சரி என்று கேட்டால், அணை கட்ட இக்கஸ் வேண்டும், ஊர்ப் பூங்காவுக்கு ஹாப்கின்ஸ் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இந்தச் சண்டை நமக்கும் தொடர்புள்ளது, பின்னால் வருகிறோம்.

எட்டு வருஷத்தில் இந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள் சுமார் 85 லட்சம் பேர். புதிதாகக் கட்டியதும் புதுப்பித்ததுமாக ஒன்றேகால் லட்சம் பொதுக் கட்டடங்கள். எட்டாயிரம் பூங்காக்கள். போட்டதும் செப்பனிட்டதுமான சாலை சுமார் 10 லட்சம் கிலோமீட்டர். இதற்கு முன்பே 1933இல் தொடங்கிய இளைஞர் முகாம்கள் தனி. சுமார் 30 லட்சம் வாலிபர்கள் காடுகளில் மரம் நட்டார்கள், மாநிலப் பூங்காக்களுக்குப் பாதை போட்டார்கள், கல் மண்டபம் கட்டினார்கள். ஒக்லஹோமாவில் லேக் மரே, ரோமன் நோஸ் பூங்காக்கள் அவர்கள் கைவேலை. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். துபாயிலிருந்து பிள்ளை அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து வாழ்ந்த வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்த 25 டாலர் வந்த நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிடைத்ததை வைத்துச் செய்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். ஓரிகன் மாநிலத்தில் மலைமேல் டிம்பர்லைன் என்று ஒரு விடுதி. 1937இல் ரூஸ்வெல்ட்டே வந்து அர்ப்பணித்தார். மாடிப்படிக் கம்பத் தலைகளில் பறவை, மிருகம் செதுக்கியிருக்கும். அவை பழைய மின்கம்பங்கள். கணப்படுப்பு இரும்பு, பழைய ரயில் தண்டவாளம். தரை விரிப்பில் ஒரு பகுதி, இளைஞர் முகாமில் மிஞ்சிய துணி. நம் நன்னிமார்கள் கிழிந்த சேலையைத் தைத்து விரிப்பாக்கின அதே கை.

இவ்வளவு செய்தும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? சோம்பேறிகள். மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறவர்கள் என்று பத்திரிகையில் கேலிப்படம். அந்த மூன்று எழுத்துக்கே, சும்மா பொழுதைக் கழிக்கிறோம் என்று பொருள் வரும்படி விரித்துச் சொல்லிச் சிரித்தார்கள்.

நாமும் இதையே சொல்கிறோம். சுற்றுக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பார்த்து, “மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டுச் சம்பளம் வாங்குதுக” என்று நம் கடைத்தெருவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். நாங்களும் சொன்னவர்கள்தான், மறைப்பானேன். அந்தப் பெண்கள் தூர் எடுத்த வாய்க்காலில் வந்த தண்ணீரில்தான் சென்ற வருஷம் நம் ஊருணிக்குப் பாதித் தண்ணீர் வந்தது. வேலை சரியாக நடக்காத இடமும் உண்டு. அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் சாய்ந்து நின்றவனின் படம் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, கல் சுமந்தவனின் படம் இல்லை.

திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. வேலை கேட்டு வருபவன் தன் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அதிகாரி வீட்டுக்குள் வந்து பார்ப்பார். வேலை இல்லாத எல்லோரையும் அது எடுக்கவும் இல்லை, பல சமயம் மூன்றில் ஒரு பங்கு பேர்தான். பெண்களை ஆறு ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் எடுத்து, பெரும்பாலும் தையல் கூடத்தில் உட்கார வைத்தார்கள். 1938 தேர்தலில் சில இடங்களில் இந்த வேலையைக் காட்டி ஓட்டுக் கேட்டார்கள் என்று புகார் எழுந்து, அடுத்த வருஷமே அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1939இல் பதினெட்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று விதி போட்டார்கள். கிழவன் என்றும் பார்க்கவில்லை, பிள்ளைகுட்டிக்காரன் என்றும் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் எங்களைத் தைத்தது நீச்சல் குளம். இந்தத் திட்டத்தில் ஊருக்கு ஊர் நீச்சல் குளம் கட்டினார்கள். பல ஊர்களில், தெற்கில் மட்டுமல்ல, அந்தக் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகள் இறங்கக்கூடாது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளிக்குக் கூலியும் குறைவாக வந்தது. பொதுப் பணம், பொது நிலம். வாசலில் மட்டும் ஒருவன் நின்று யார் பிள்ளை என்று கேட்கிறான். இதை நம் குழுவில் வாசித்துக் காட்டியபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை.

கட்டடமும் பூங்காவும் கண்ணுக்குத் தெரிவதால் அதையே பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத வேலையும் நிறைய நடந்தது. கிராமப்புறங்களில் இருபது லட்சத்துக்கும் மேல் கழிப்பறை கட்டினார்கள். கேலி செய்தவர்கள் அதையும் கேலி செய்தார்கள், ஆனால் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் உள்ள ஊரில் அது மாளிகையைவிட மேல். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்துப் போட்டார்கள். தையல் கூடத்துப் பெண்கள் நிவாரணக் குடும்பங்களுக்கு உடுப்புத் தைத்தார்கள். கென்டக்கி மலைப் பகுதியில் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறி, ரோடு இல்லாத குடிசைகளுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வேலையிழந்த எழுத்தாளர்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது. இது கட்டட விஷயம் அல்ல, ஆனாலும் நம் சபையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் இந்தப் பிரிவினர் கறுப்பின முதியவர்களைத் தேடிப் போய் அவர்கள் பாட்டன் பாட்டிகளைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். 1940இல் அது புத்தகமாக வந்தது. சபேலோ என்ற தீவில் பிலாலி என்ற ஒரு மூதாதையைப் பற்றிச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பக்கத்திலிருந்து பிடித்து வரப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். அவரும் மனைவியும் வேளை தவறாமல், பாய் விரித்து, மணிமாலை உருட்டித் தொழுததை அந்தக் குடும்பத்தார் நினைவில் வைத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் அரிசி மாவில் இனிப்பு உருண்டை பிடித்துப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுப்பார்களாம். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் ‘சரகா’. அது நம் சதக்கா என்ற சொல்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த பிலாலி கைப்பட எழுதிய பதின்மூன்று பக்க அரபுச் சுவடி ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பார்த்தால் அது மாலிக்கி மத்ஹபுக் கிதாபான ரிஸாலாவின் பகுதிகள். மதரஸாவில் ஓதியதை அடிமைக் கொட்டடியில் நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். கூலிக்கு எழுத ஒரு பிரிவு இல்லாவிட்டால், அந்தக் கிழவிகளின் வாயில் இருந்த ‘சரகா’ அவர்களோடே போயிருக்கும்.

சரி, நம் பக்கம் வருவோம். நிவாரண வேலை என்றாலே நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. நம் மாகாணத்திலேயே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் நன்னா காலத்திலும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அப்போது மெட்ராஸில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு. இன்று சென்னைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் அந்தக் கால்வாய்தான்.

அந்தப் பஞ்சத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, செலவைக் குறைக்க வேண்டும் என்று கூலியைக் குறைத்தார். ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு இது. மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இதில் உடம்பு நிற்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். கடைசியில் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், அதற்குள் முகாம்களில் எத்தனையோ பேர் மடிந்துவிட்டார்கள். அதுவும் நிவாரண வேலைதான், சாண்ட்லரில் நடந்ததும் நிவாரண வேலைதான். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கூலி. வேலையைச் சோதனையாக வைத்து ‘உண்மையில் பசித்தவன் மட்டும் வரட்டும்’ என்று நினைப்பவன் ஒரு விதமாகக் கொடுக்கிறான். வேலையை வேலையாக மதிப்பவன் ஒரு விதமாகக் கொடுக்கிறான்.

இப்போது குழுவில் உள்ள பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன் ரமலான் அரிசி கொடுத்தபோது, பின்னால் பேனர் கட்டி, இதே இதழில் போடுவதற்காகப் படம் எடுத்தோம். ஒரு வயதான தாய் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். “கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா” என்று நாங்களே சொன்னோம். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது, “அரிசி இருக்கட்டும் தம்பி, எங்கயாச்சும் வேலை இருந்தாச் சொல்லுங்க, காலு நல்லாத்தான் இருக்கு” என்றார்களாம். படம் எடுப்பதை அதோடு நிறுத்திவிட்டோம். ஆனால் அவர்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஊருணிக்கு மேற்கே அறக்கட்டளைக்கு ஒன்றேகால் ஏக்கர் இடம் இருக்கிறது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி அது, அந்தி சாய்ந்தால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதைத் திருத்தி, சுற்றிலும் நிழல் மரம், நடக்க ஒரு பாதை, உட்காரக் கல் திண்ணை, ஓரத்தில் ஒரு சின்னப் படிப்பகம் என்று செய்யலாம் என்பது யோசனை. இதில் எல்லோருக்கும் சம்மதம். எப்படிச் செய்வது என்பதில்தான் இரண்டு கட்சி.

ஒரு பக்கம் சொல்வது: இரண்டு ஜேசிபி விட்டால் மூன்று நாளில் இடம் சுத்தமாகும், ஒப்பந்தக்காரர் இரண்டு மாதத்தில் வேலையை முடித்துச் சாவியைக் கொடுப்பார், தலைவலி இல்லை. இது நியாயமான பேச்சு, இக்கஸ் கட்சி. எங்கள் பக்கம் சொல்வது: வேர் பிடுங்க மட்டும் இரண்டு நாள் இயந்திரம் வரட்டும். மற்றதெல்லாம் ஊரில் வேலையில்லாமல் இருக்கும் குடும்பங்களைக் கொண்டு, ஒரு கொத்தனார், ஒரு மேஸ்திரி தலைமையில் ஆறு மாதத்தில் செய்வோம். பழைய மதரஸாவை இடித்த கல் பின்கட்டில் அப்படியே குவிந்து கிடக்கிறது. திண்ணைக்கும் பாதைக்கும் அது போதும். செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும், மறைக்கவில்லை. கணக்குப் போட்டால் ஒப்பந்தத்தைவிட ஆறில் ஒரு பங்கு அதிகம். ஆனால் அந்தப் பணத்தில் பெரும் பகுதி நம் தெரு மளிகைக் கடைக்கே திரும்பி வரும்.

சில விஷயத்தை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஜகாத் பணத்தில் ஒரு பைசா இதில் சேராது. அது உரியவர் கையில் உரிமையாகப் போய்ச் சேர வேண்டியது, சுவருக்கும் திண்ணைக்கும் எடுக்க முடியாது என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார்கள். அரிசி வாங்கும் குடும்பங்களுக்கு அரிசி எப்போதும்போல் போகும். வேலைக்கு வந்தால்தான் அரிசி என்று யாராவது சொன்னால், அது டெம்பிள் துரை பேச்சு, அதைச் செயலாளராக நாங்கள் ஒப்பமாட்டோம். முடியாதவர்கள், நோயாளிகள், சின்னப் பிள்ளையை வைத்திருப்பவர்கள் வீட்டில் இருக்கட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஊரில் நடப்பில் உள்ள கூலி, வியாழன் மாலை ரொக்கமாக. வேலைக்கு வருபவர் பட்டியல் நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படாது. கேமரா வராது.

கீழத்தெரு அண்ணன் ஒருவர் கேட்டார், பூங்கா நம் பிள்ளைகளுக்கு மட்டும்தானே என்று. நீச்சல் குளத்துக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. வாசல் ஊருணிப் பக்கமே இருக்கும், நான்கு தெருவுக்கும் பொது. வேலையும் அப்படியே. பக்கத்துக் காலனியிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் கல் வேலை தெரிந்தவர். அவரைத்தான் மேஸ்திரியாகக் கேட்கலாம் என்றிருக்கிறோம், நம்மில் கல் வேலை தெரிந்தவர் எவரும் இல்லை.

வரைபடம் அலுவலகத்தில் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறது. இரண்டு விதக் கணக்கும் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வரும் வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு உறுப்பினர்கள் கை தூக்கித் தீர்மானிப்போம். ஒப்பந்தக்காரர் கட்சி ஜெயித்தால் அதையும் மனதார நடத்திக் கொடுப்போம். பெண்கள் பகுதிக்குத் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வேலைக்கு வர விரும்புகிறவர்கள் பெயர் எழுத வேண்டியதில்லை, வீட்டு எண் மட்டும் போட்டால் போதும், நாங்கள் வந்து பேசிக்கொள்கிறோம். அந்தத் தாயார் வீட்டுக்கு நாளைக் காலை நாங்களே போகிறோம். மரக்கன்றுக்கு ஆறு மாதம் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்கப் போகிறோம்.

சாப்பாடு ஆறுகிறது. பெண்கள் பந்தி முதலில். வஸ்ஸலாம்.